ஏழுமலைக்கு நாம் இருவரும் கொடுத்த டிப்ஸ்

நீ ஏழுமலைக்குக் கொடுக்கும் டிப்ஸை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், அப்பா பழையபடி கஞ்சத்தனத்தை ஆரம்பித்துவிட்டார் என்று முதல் வரியோடு மூடி வைத்துவிடுவாய். தாராளமாகக் கொடு. வேண்டுமானால் இன்னும் கூட்டிக் கொடு. எனக்கு அந்த ஆளின் மேல் இருப்பது வேறு விஷயம். பொறாமை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறவரைப் பார்த்து வயிறெரிகிறேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது அதுதான். அதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

நம் அடுக்ககத்துச் சங்கச் செயலாளர், பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். போன முறை மொட்டைமாடித் தோட்டம் பற்றி எழுதினேன். எழுதியவனைத் தவிர யாரும் படிக்கவில்லை. இந்த முறை இதைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு எழுதும் கடிதத்தை ஊருக்கு ஏன் காட்டுகிறீர்கள் என்று கேட்பாய். எனக்கு உன்னிடம் தனியாகச் சொல்ல வராது. நாலு பேர் நடுவில் என்றால் எப்படியோ வந்துவிடும். உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீ பரிசு வாங்கியபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் விழா முடியும்வரை உன்னைப் பற்றியே பேசினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னது, "ஷூவை ஒழுங்கா ஓரமா வை" என்பது மட்டும்தான். அதுவும் தவிர, பிள்ளைகளைப் புனேவுக்கும் டொரண்டோவுக்கும் அனுப்பிவிட்டு, அழைப்பு மணி அடிக்குமா என்று காத்திருக்கும் அப்பாக்கள் இந்த ஒரு கட்டடத்திலேயே எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும். பயப்படாதே, நீ படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் செயலாளர் கைக்குப் போகும்.

அவர்களுக்காக ஏழுமலையை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. உனக்குத் தேவையில்லை, உனக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். மண்ணூர்பேட்டைக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது கூடவே போகாமல், வண்டியை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்கு இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். கீழே கேட்டில் நின்று அவர் பேசினால் மூன்றாவது மாடியில் எனக்குக் கேட்கும். அம்மா போன பிறகு, சமையலுக்கு வரும் பெண் வராத நாட்களில் நீ புனேயிலிருந்து ஆப்பில் எனக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாய் அல்லவா, அப்போது வந்து சேர்ந்தவர். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன், மணி அடித்தது கேட்கவில்லை. மற்றவர்கள் என்றால் பார்சலைக் கதவுக்கு வெளியே வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்குக் கதவை இடித்துக்கொண்டிருந்தார். துண்டோடு வந்து திறந்தேன்.

"இன்னா சார், உயிர எடுத்துட்டீங்க," என்றார். "உள்ள இன்னா ஆச்சோ ஏதாச்சோன்னு தம்பி அங்க போன்ல துடிச்சிகினு கீறாரு."

நீ துடிப்பாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் ஃபோனை என் பக்கம் நீட்டிப் பிடித்தபோது, "அண்ணா, திறந்துட்டாரா? அண்ணா, நல்லா இருக்காரா?" என்று உன் குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் உனக்கு இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவர் கீழே இறங்கிப் போனதும் நீ எனக்குக் கூப்பிட்டாய். "சாப்பாடு வந்துச்சாப்பா?" என்றாய். "வந்துச்சு" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். துடிப்பு அவருக்கு, "சரிப்பா" எனக்கு. சாம்பாரைப் பிரித்து ஊற்றிக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பொறாமை தொடங்கிய இடம் அது.

நம் ஃபோன் பேச்சின் லட்சணம் உனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை நீ கூப்பிடுவாய், நான் எடுப்பேன், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசுவதை, செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வைத்ததும், "என்னவாம்?" என்று கேட்பேன். அவள் சொல்வாள். நீ அவளிடம், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டிருப்பாய், அதையும் சொல்வாள். இப்படியே உன் கல்லூரி, உன் வேலை, உன் காய்ச்சல், உன் வீட்டு ஓனரோடு சண்டை எல்லாம் அவள் வழியாக எனக்கு வந்து சேர்ந்தன. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் எந்தக் குழாயில் வந்தால் என்ன, வருகிறதே என்று இருந்துவிட்டேன். அவள் போன பிறகு நீ கூப்பிட்டாய், நான் எடுத்தேன். ஃபோனைக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டு பேரும் முழித்தோம்.

அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமை இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்கு வந்து அந்த மாடி ஹோட்டலில் சாப்பிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு சர்வர் இருந்தார், நெற்றி நிறைய விபூதியோடு. உனக்கு மட்டும் தோசையைக் கூம்பாகச் சுருட்டித் தொப்பி மாதிரி நிறுத்திக் கொண்டுவருவார். அம்மாவிடம், "அக்கா, இன்னொரு கிண்ணம் சாம்பார் தரட்டுமா?" என்பார். என்னிடம், "உங்களுக்கு என்ன சார்?" என்பதோடு சரி. நான் பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போவேன், சில்லறை ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பையில் போடுவேன். அந்த நேரத்தில் அம்மா டம்ளருக்கு அடியில் நோட்டு ஒன்றை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது கேட்டேன்: "அவருக்குச் சம்பளம் இல்லையா? ஃபேக்டரியில எனக்கு யாராவது டம்ளருக்கு அடியில வைக்கறாங்களா?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நம்ம எச்சில் தட்டை அவர்தான் எடுக்கறார். அதுக்கு வெச்சேன். தோசைக்கு இல்ல" என்றாள். நீ நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் சொன்னதை நீ எடுத்துக்கொண்டாய். நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சர்வர் என்னைப் பார்த்து ஒருநாள்கூடச் சிரித்ததில்லையே என்பதுதான் ஆவடி வரும்வரை மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, டிப்ஸ் கொடுப்பது உனக்கு அம்மா வழிச் சொத்து. அதனால்தான் ஏழுமலையின் எண்ணை வாங்கி, ஆப்பை விட்டுவிட்டு, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மெஸ்ஸில் மாதச் சாப்பாடு சொல்லி, தினமும் மத்தியானம் அவரே கொண்டுவரும்படி ஏற்பாடு செய்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. மெஸ்ஸுக்குத் தனியாக, வண்டிக்குத் தனியாக, அதற்கு மேல் அவருக்கு டிப்ஸ் என்று நீ அனுப்புவது எனக்குத் தெரியும். பிள்ளை சம்பாதிக்கிறான், கொடுக்கிறான் என்று இருந்தேன். ஆனால் அந்த டிப்ஸ் எதற்கு என்று தெரிந்தது ஒரு மத்தியானம்தான். பார்சலை என் கையில் கொடுத்துவிட்டு ஏழுமலை போகாமல் நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் தோளுக்கு மேல் எட்டி வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஷேவ் பண்ணி எவ்ளோ நாளாவுது சார்?"

"உனக்கு எதுக்குய்யா அது?"

"எனக்கு இன்னாத்துக்கு? தம்பி கேப்பாரு. நேத்து சாப்பாடு மிச்சம் கீதான்னு பாக்கச் சொன்னாரு."

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. நீ தினமும் அவரைக் கூப்பிடுகிறாய். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கீழே வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு உனக்குச் சொல்கிறார். என் முகம் எப்படி இருந்தது, குரல் எப்படி இருந்தது, சட்டை மாற்றியிருந்தேனா என்று எல்லாம். என்னை எட்டிப் பார்த்ததற்கு உன் டிப்ஸ். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சு என்னோடு நிற்பதில்லையாம். உன் இடுப்பு வலியை அவரிடம் சொல்லியிருக்கிறாய். நீ கம்பெனி மாறப்போவதைச் சொல்லியிருக்கிறாய். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு அது புளித்துப்போனதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். "தம்பி செம காமெடி சார்" என்று ஏழுமலை என்னிடம் சொன்னார். என் பிள்ளை காமெடியானவன் என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வரும் உன் ஃபோனில் காமெடி ஒன்றும் இருப்பதில்லை. கரண்ட் பில் கட்டியாச்சா என்பதுதான் இருக்கும்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நானும் அவருக்கு டிப்ஸ் கொடுக்க ஆரம்பித்தேன். ஆமாம், நான்தான், கல்லாவில் சில்லறை பார்த்து வாங்கியவன். பார்சலை வாங்கும்போது கையில் ஒரு நோட்டை மடித்துத் திணிப்பேன். "தம்பி என்ன சொன்னான்?" என்பேன். முதலில், "நல்லா கீறாரு சார்" என்பதோடு நிறுத்தினார். நோட்டு பெரிதானபோது சேதியும் பெரிதானது. மறுவாரம் அவர் வாசலிலேயே நிற்பதைவிட உள்ளே வந்து உட்காரட்டும் என்று நாற்காலி போட்டேன். மோர் கொடுத்தேன். நீ ஃபோனில் அனுப்புகிறாய், நான் கையில் கொடுக்கிறேன். உன்னிடம் இருப்பதைவிட என்னிடம் அவருக்கு ஒட்டுதல் அதிகம் இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஆளை என் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்குப் பதில் நானே உனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. எத்தனையோ முறை உன் பெயரைத் தொட்டுவிட்டு, மணி போவதற்குள் வைத்திருக்கிறேன். ஒரு தடவை மணி போய்விட்டது. நீ உடனே திரும்பக் கூப்பிட்டு, "கூப்பிட்டீங்களாப்பா?" என்றாய். "கை தெரியாம பட்டுடுச்சு" என்றேன்.

ஏழுமலையை மகான் என்று நினைத்துவிடாதே. இரண்டு பக்கமும் வாங்குகிற மனிதர், இரண்டு பக்கமும் இனிப்பாகத்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ, "ஏரிக்கரைல தினம் வாக்கிங் போறீங்களாமே, நல்லதுப்பா" என்றாய். நான் சோஃபாவிலிருந்து எழுந்து பால்கனிவரை போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. மறுநாள் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் எங்கய்யா வாக்கிங் போனேன்?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சார், தம்பி அம்மாந்தூரத்துல தனியா கீறாரு. அப்பா சோஃபாவாண்டயே கெடக்குறாருன்னு சொன்னா அவரு எப்டி வேல பாப்பாரு? ரெண்டு பேரும் துட்டு குடுக்குறீங்க. ரெண்டு பேருக்கும் நல்ல சேதியா சொல்லிகினு கீறேன். இதுல இன்னா தப்பு?"

எனக்கு அதில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. "தம்பி தெனமும் கேக்குறாரு சார், அப்பா என்னைப் பத்தி எதனா விசாரிச்சாரான்னு" என்று எனக்கு அவர் கொண்டுவந்து கொடுத்த சேதி இருக்கிறதே, அதுவும் இந்த வாக்கிங் மாதிரிதானா? நீ உண்மையில் கேட்டாயா, இல்லை நோட்டுக்காக அவர் சொன்னாரா? உன்னிடம் கேட்க எனக்கு வழியில்லை. அவரிடம் கேட்டால், தம்பி கேட்டார் என்றுதான் சொல்வார். அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் செய்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து ஏரிக்கரையில் நிஜமாகவே நடக்கத் தொடங்கினேன். என்னைப் பற்றி உனக்குக் கிடைக்கிற சேதியாவது உண்மையாக இருக்கட்டும் என்றுதான். ஒருநாள் ஏழுமலை வண்டியில் எதிரே வந்து, ஹாரன் அடித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்ன பொய்யைக் காப்பாற்றுகிறவனுக்கு மரியாதை செய்த மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், வழக்கம்போல உடனே எழுந்து போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலையை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். முன்பக்கம் வழுக்கை.

"சார், ஒரு விசயம். கோவப்படக் கூடாது. தம்பி அங்க ஒரு பொண்ண பாத்துகினு கீறாரு. கட்டிக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. மானசின்னு பேரு. அந்த ஊரு பொண்ணு, நம்ம பாஷ இல்ல. உங்களாண்ட எப்டி சொல்றதுன்னு தெர்ல அவருக்கு. என்னைய நைசா சொல்லச் சொன்னாரு. நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டுகினு போவணும்."

அவர் சொல்கிற மற்றவை பொய்யாக இருக்கலாம். இது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கேட்டிலிருந்து மாடிக்குக் கேட்கிற குரல், மானசி என்ற பெயர் வந்ததும் இறங்கிவிட்டது. நீ எத்தனை கூச்சத்தோடு அந்தப் பெயரை அவரிடம் சொல்லியிருந்தாயோ, அதே கூச்சம் அவர் குரலுக்கும் வந்திருந்தது. அப்படி என்னிடம் நீ ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். என் மருமகள் பெயரைச் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து என்னிடம் டெலிவரி செய்திருக்கிறாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண் யார், என்ன மொழி, என்ன ஜாதி என்பதெல்லாம் எனக்கு அப்போது மனதிலேயே இல்லை. இவனிடம் முதலில் சொன்னாயே என்பது மட்டும்தான் இருந்தது. பார், எழுதும்போதே "இவன்" என்று வந்துவிட்டது.

"இன்னா சார் சொல்லட்டும்?" என்றார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கறேன்," என்றேன். அன்றைக்கு நோட்டுக் கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்காதவர்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் மத்தியானம்வரை ஃபோனைத் தொடவில்லை. ஏழுமலை வந்தார். மணி அடித்தார். நான் கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றுகொண்டிருந்தேன், திறக்கவில்லை. கதவடியில் என் நிழல் தெரிந்திருக்க வேண்டும், அன்றுபோல இடிக்காமல், உள்ளேதான் கோபமாக நிற்கிறேன் என்று உனக்குக் கூப்பிட்டுச் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டே பேசிப் பழகியவர் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். உன் குரல் நம் வாசலில் கேட்டது, பக்கத்தில் நிற்கிற மாதிரி.

"அண்ணா, கல்யாணத்தைப் பத்தி இப்ப கேக்காதீங்க. சாப்பிடறாரான்னு மட்டும் பாத்து சொல்லுங்க," என்றாய். பிறகு சொன்னாய்: "எனக்கு அவர்கிட்ட பேசவே வரலண்ணா. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க." அதோடு உன் குரல் உடைந்துவிட்டது.

"அழாத நைனா," என்றார் ஏழுமலை. "நா கீறேன்ல. உங்கப்பா நல்ல மனுசன்தான், கொஞ்சம் பேஜாரு புடிச்ச ஆளு, அவ்ளோதான். எனக்கே மோரு குடுக்குறாரு, உனக்கு சம்மதம் குடுக்க மாட்டாரா? அழாத, சொம்மா இரு."

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே. என் பிள்ளை அழுகிறான். அழாதே என்று சொல்ல வேண்டியவன் நான். அந்த வேலையை என் வாசலில் நின்று வேறொருவர் செய்துகொண்டிருக்கிறார், நான் செய்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே செய்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பொறாமை வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை. கூட வேலை செய்தவனுக்கு என்னைத் தாண்டி ஃபோர்மேன் பதவி கிடைத்தபோதுகூட இப்படி இல்லை. அவர் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போனார். நான் அதை எடுத்து, சோற்றைப் பிசைந்து, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன். சாப்பிட்டாரா என்று நீ கேட்டாய் அல்லவா, அதற்காக. அதை உனக்குச் சொல்ல அன்றைக்கு அங்கே யாரும் இல்லை.

இப்போது உனக்கு ஒரு புத்திமதி. அப்பாவின் கடிதத்தில் அது இல்லாவிட்டால் கடிதமாகாது. ஹோட்டலில் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கொடு. அவர் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் கொடு. பார்சல் கொண்டுவருகிறவருக்கு, மழையில் வந்தால் கூடுதலாகக் கொடு, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு ஏறி வந்தால் கூடுதலாகக் கொடு. முடிந்தால் கையில் கொடு, முகத்தைப் பார்த்துக் கொடு. ஃபோனில் போகிற பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு முகம் கிடையாது. ஆனால் நீ செய்ய வேண்டியதை அவர் செய்வதற்காக மட்டும் கொடுக்காதே. உன் அப்பா ஷேவ் செய்துகொண்டாரா என்று பார்ப்பது டெலிவரிக்காரர் வேலை இல்லை. என் பிள்ளைக்கு இடுப்பு வலி என்பதை எனக்குச் சொல்வதும் அவர் வேலை இல்லை. அம்மாவுக்கு நாம் ஒரு நோட்டும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருந்த வேலை அது. அவள் போனதும் அதற்கு ஒரு ஆளைக் கூலிக்கு வைத்துக்கொண்டோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நம் இரண்டு பேருக்கும் பேச வராது என்பதால், பேசத் தெரிந்த ஒரு மனிதருக்கு நல்ல வருமானம் வந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்றுக் கதவைத் திறந்து, வழக்கமான நோட்டைக் கொடுத்து, "இது மாடி ஏறி வந்ததுக்கு. சேதிக்கு இல்ல" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இனிமே சேதி வோணாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பணத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன். உன்னோடு பேசுவது அவருக்குப் பழகிவிட்டது. அவருக்கும் இப்போது என்மேல் பொறாமை வரட்டும்.

நீ அவரிடம் கொடுத்து அனுப்பிய கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சம்மதம். முழு மனதோடு சம்மதம். மானசியைக் கூட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்கு, நம் வீட்டுக்கு வா. அவள் மொழி எனக்குத் தெரியாதே என்று நீ கவலைப்பட்டாயாம். பெற்ற பிள்ளையோடு தமிழில் பேசத் தெரியாதவனுக்கு அது ஒரு குறையா? அவளோடு சைகையில் பேசிக்கொள்கிறேன். உன்னைவிட அவள் எனக்குச் சுலபமாக இருப்பாள். அவளுடைய அப்பாவைப் பார்க்க எப்போது புனேவுக்கு வர வேண்டும் என்று சொல். அவரிடம் நீ உட்கார்ந்து பேசிச் சிரித்திருப்பாய், எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு பொறாமை தயாராக வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஏழுமலையைக் குடும்பத்தோடு கூப்பிட வேண்டும். ஆனால் பந்தியில் அவர் எதையும் தூக்கக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு நான் பரிமாறுகிறேன்.

இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடு. நான் எடுப்பேன். "சாப்பிட்டியா?" என்று கேட்பேன், நீ "சாப்பிட்டேன்பா" என்பாய். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றாது. உனக்கும் தோன்றாது. தோன்றாவிட்டால் போகட்டும். நீ அந்தப் பக்கம் சும்மா இரு, நான் இந்தப் பக்கம் சும்மா இருக்கிறேன். உன் ரூமில் ஃபேன் ஓடுகிற சத்தமாவது எனக்குக் கேட்கட்டும். வைத்துவிடாதே.